மலை ஏறக்கூடாத வருஷம்

"ரெண்டு பேர்தானுங்களே?" என்று கேட்டார் டிராவல்ஸ்காரர் நெல்சன். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக மாடிப்படி ஏறி வந்து, பூட்டானுக்குப் போகணும் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் வேறு என்னத்தைக் கேட்பார் மனுஷன். "ஆமாங்க, ரெண்டு பேருதான்" என்று பூபதி பட்டென்று சொல்லிவிட்டான். ஒரு நொடி யோசித்திருக்கலாம் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. யோசித்தால் மட்டும் எண்ணிக்கை மாறிவிடுமா, மாறாது, ஆனாலும் ஒரு நொடி, வாயைத் திறந்து மூடுகிற நேரம், அதைக்கூடவா இந்த ஆம்பளை கொடுக்கக்கூடாது. கீழே பேக்கரியில் தேங்காய் பன் வேகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. காந்திபுரத்து பஸ்களெல்லாம் ஒன்றையொன்று திட்டிக்கொள்கிற மாதிரி ஹாரன் அடித்தன. சுவரில் ஈபிள் கோபுரம், சிங்கப்பூர் சிங்கம், தாஜ்மகால், அவற்றுக்கு நடுவில் புதிதாக ஒட்டிய படம் ஒன்று: செங்குத்துப் பாறையின் நடுவயிற்றில், கீழே விழுந்துவிடாமல் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வெள்ளைக் கோயில், அதற்கும் கீழே மேகம். அதைப் பார்க்கக்கூடாது என்று உள்ளே நுழையும்போதே முடிவு பண்ணிவிட்டாள். பார்க்காமல் இருப்பதே ஒரு வேலையாகிப்போனது. நெல்சனின் சட்டைப்பையைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்தாள், அங்கேயும் மாதா கையில் ஒரு குழந்தை இருந்தது, கண்ணைத் திருப்பினால் மறுபடியும் அந்தப் பாறைக்கோயில். அதனால்தானே வீட்டில் பத்து நாளாகப் பஞ்சாயத்து.

பஞ்சாயத்து என்றால் சண்டை இல்லை. சண்டையாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலை. "ஒரு மாறுதலுக்கு எங்கயாவது கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டரம்மா சொன்னதை அத்தை பிடித்துக்கொண்டாள். பூபதியின் அம்மா ருக்மணி எதைப் பிடித்தாலும் உடும்புப்பிடிதான். ஊட்டி வேண்டாம், கொடைக்கானல் வேண்டாம், ஈரோட்டில் அவள் தங்கச்சியின் பக்கத்து வீட்டுக்காரி பூட்டானுக்குப் போய்வந்த கையோடு உண்டாகியிருக்கிறாளாம், அங்கே புனாக்கா என்கிற ஊரில் பிள்ளை வரம் கொடுக்கிற கோயில் ஒன்று இருக்கிறதாம். "அங்க ஒருக்கா போயிக் கும்பிட்டுட்டு வந்துருங்க கண்ணு, எல்லாம் சரியாப் போயிரும்." யார் சாமி என்றால் புத்தர் சாமி. புத்தர் நம்ம ஆளா இல்லையா என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெருமாளோட அவதாரம்தான் என்று மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து தீர்ப்புச் சொன்னார். அப்புறம் அந்த நாட்டில் முக்கியமான இடம் இதுதான் என்று பூபதி செல்போனில் பாறைக்கோயில் படத்தைக் காட்டினான், காட்டியதும் அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரைக்கும் மலைக்கோயில் ஏறக்கூடாது, பழனி கூடாது, மருதமலை கூடாது, அப்படியானால் இது? கோகிலவாணி அப்போது சமையல்கட்டில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. சந்தேகம் வந்ததே, அத்தைக்குச் சந்தேகம் வந்ததே என்று கூடத்துப் பக்கம் காதைக் கொடுத்தாள். அத்தை அதோடு விடவில்லை, ஜோசியருக்கே போன் போட்டாள், காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில். "ஏனுங்க சாமி, புத்தர் கோயிலு மலை மேல இருந்தா அது நம்ம மலைக்கோயில் கணக்குல வருமுங்களா?" அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம். பாவம், அவர் ஆயுசில் இப்படி ஒரு கேள்வியை யார் கேட்டிருக்கப்போகிறார்கள். "தவறுனது யாருங்க?" என்றார். "பெரியவங்க யாருமில்லீங்க சாமி, மாசியில பையனுக்குப் பொறந்த குழந்தைதானுங்க, ஆஸ்பத்திரியிலயே..." "அட, பல்லு முளைக்காத குழந்தைக்கு என்னத்த வருஷத் துக்கம்? தலைக்குத் தண்ணி ஊத்துனாத் தீந்துது. தாராளமா எந்த மலை வேணா ஏறச் சொல்லுங்க." அத்தைக்கு மூச்சு வந்தது. "நல்ல வேளை கண்ணு, நம்மளுக்குத் தடையில்லை" என்று சமையல்கட்டுப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு சொட்டுகூட வஞ்சகம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ரசத்தில் புளிப்பு தூக்கல் என்று மாமனார் சொன்னார்.

நெல்சன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், எந்த ஊரையும் தன் சொந்த ஊர் மாதிரி பேசுகிறவர். விமானத்தில் பாக்டோக்ரா, அங்கிருந்து காரில் எல்லை, எல்லையில் ஒரு வாசல். "இந்தப் பக்கம் நம்ம காந்திபுரம் மாதிரி சந்தடிங்க, அந்தப் பக்கம் கால் வெச்சீங்கன்னா ஹாரன் சத்தமே கேக்காது. தலைநகரத்துல சிக்னலே கிடையாது பாத்துக்குங்க. காது ரெண்டும் அப்படியே கழுவி விட்ட மாதிரி ஆயிரும்." கோகிலவாணிக்கு அமைதிதான் ஆகாது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அரைக்க ஒன்றுமில்லாவிட்டாலும் மிக்சியை ஓட விடுகிறாள், டிவியில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், தொட்டி நிரம்பி வழிந்தாலும் பரவாயில்லை. சத்தம் நின்றால் அந்த மிஷின் சத்தம் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் குழந்தையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மிஷின், சின்னக் குருவி தண்ணீருக்குக் கூப்பிடுகிற மாதிரி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, அது அடிக்கிற வரைக்கும் இவளுக்கு உயிர் இருந்தது. அடுத்த மேஜையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த பெண் எழுந்து டீ கொண்டுவந்து வைத்தாள். குனிந்தபோது அவள் தலையிலிருந்த மல்லிகைச் சரம் முன்னால் வந்து விழுந்தது, அவ்வளவுதான், கோகிலவாணிக்கு ரவிக்கைக்குள் சுருக்கென்றது. மாசம் எத்தனையோ ஆகிவிட்டது, பால் எப்போதோ வற்றிவிட்டது, ஆனாலும் மார்புக்கு ஞாபகம் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்குச் சட்டை இரண்டு பக்கமும் நனைந்து ஒட்டிக்கொண்டு, கல் மாதிரி கட்டிக்கொண்டு வலித்தபோது, அம்மாதான் பூமார்க்கெட்டில் போய் உதிரிப்பூவாக ஒரு பை நிறைய மல்லிகை வாங்கிவந்து, மார்பு மேல் பரப்பி, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும். கட்டிக்கொண்டே அம்மா அழுதாள், அழுதுகொண்டே முடிச்சுப் போட்டாள். சின்ன வயசிலிருந்து இவள் தலைக்குப் பூ வைத்துவிட்ட அதே கை. ராத்திரியெல்லாம் அந்தப் பூ உடம்புச் சூட்டில் வெந்து, பாலும் பூவும் கலந்து ஒரு வாசனை, கல்யாண மண்டபமும் பால்காரர் வீடும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. காலையில் அவிழ்த்தபோது பூவெல்லாம் பழுப்பாக இருந்தது. குடிக்க ஆளில்லாத பாலுக்கு உடம்பு என்ன செய்யும், அது பாட்டுக்குச் சுரக்கிறது, அதற்கு யார் போய்ச் சொல்வது. டீயை எடுத்தாள், சூடு தெரியாமல் ஒரு வாய் குடித்தாள்.

"அம்மிணி குளிர் தாங்குவாங்களா?" என்று நெல்சன் பூபதியிடம் கேட்டார். "தாங்குவாங்க, தாங்குவாங்க" என்றான் பூபதி. எதைத்தான் அவள் தாங்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், பங்காளி வீட்டுச் சின்னத்தாத்தா ஒருவர் தவறிப்போனார். தொண்ணூறைத் தாண்டியவர். கல்யாணத்தன்றைக்குக் காலில் விழுந்தபோது வெற்றிலை வாயோடு என்னவோ சொன்னார், அது ஆசீர்வாதமா, கண்ணுங்கருத்துமா இரு என்கிற புத்திமதியா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது, அவரை அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவருக்காக அந்த வருஷம் முழுக்கத் தீபாவளி இல்லை, தலைப்பொங்கலுக்குக் கரும்பு இல்லை, காப்பு கட்டவில்லை. கூடப் படித்தவள் சென்னையிலிருந்து வந்து மருதமலைக்கு அழைத்தாள், கூடவே போனார்கள், ஆனால் அடிவாரத்தோடு சரி. படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் அவளும் பூபதியும் நின்றுகொண்டார்கள். மேலே மணிச்சத்தம் கேட்டது. அங்கிருந்தபடியே கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். "வருஷம் திரும்பட்டும், வரலாம்" என்றான் பூபதி. ஒரு கிழவருக்காக ஒரு மலையே ஒதுங்கி நிற்கிறது என்று அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, இந்தக் குடும்பம் செத்தவர்களை லேசில் விடாது என்று. அவருக்கு அது நியாயம்தான், குறை சொல்லவில்லை, தொண்ணூறு வருஷம் இருந்தவர், எத்தனை பேருக்கு எத்தனை செய்திருப்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு விரலைப் பிடித்தாள். பெட்டியின் வட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒரு விரலை நீட்டச் சொன்னாள் நர்ஸ், நீட்டினதும் அது பிடித்துக்கொண்டது, பிடி என்றால் என்ன பிடி, நகம்கூடச் சரியாக வளராத கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது. அதைக் கொண்டுபோய் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குப் பெயர் கிடையாது. வைக்கவில்லை, வைப்பதற்குள் போய்விட்டது, அதனால் காலில் கட்டியிருந்த பட்டையில் இவள் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். "கோகிலவாணி பேபிக்கு டியூப் மாத்தியாச்சா?" "கோகிலவாணி பேபி வெயிட் போடலையே." தன் பெயரை யாராவது கூப்பிட்டால் இன்னமும் பாதி அதைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறது. மிஷின் நின்ற அன்றைக்கு இவளை எழுந்திருக்க விடவில்லை, வயிற்றில் தையல். மாமனார், அவர் அண்ணன், பூபதி மூன்று பேரும் காரில் எடுத்துக்கொண்டு போனார்கள். பூபதி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான் என்று நாத்தனார்தான் பிறகு சொன்னாள். பொம்பளைகள் வரக்கூடாது. கருமாதி கிடையாது, படையல் கிடையாது, யாரும் துண்டு போட்டுக்கொண்டு துட்டி கேட்க வரவில்லை. வந்தவர்களும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள், உடம்பு சரியில்லாதவளைப் பார்க்க வருகிற மாதிரி. போனவன் ஈரத்தலையோடு திரும்பி வந்தான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தொடாமல் வைத்திருந்த இட்லியை எடுத்துத் தின்றான். சட்னி தொட்டுத் தின்றான். பசித்திருக்கும், காலையிலிருந்து ஓடியவன், யார்தான் சாப்பிடாமல் இருக்கிறார்கள், எல்லாம் தெரியும், இட்லியைக்கூட அவளால் மன்னிக்க முடிந்தது, அந்தச் சட்னியைத்தான் முடியவில்லை. எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மறு வாரமே பட்டறைக்குப் போய்விட்டான், மோட்டார் பம்பு, லேத்து, பார்ட்டி, டெலிவரி. இப்போதும் பார், எவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்: கையுறை எடுத்துக்கணுமுங்களா, காரில் வளைவுக்கு வாந்தி வந்தால் என்ன மாத்திரை, சாப்பாட்டுக்கு நம்ம அரிசி கிடைக்குமுங்களா? "செவப்பரிசிச் சோறுங்க, பச்சை மிளகாயைக் காய்கறி மாதிரி போட்டுப் பாலாடைக்கட்டியில வேக வெச்சுத் தருவாங்க, கண்ணுல தண்ணி வந்துரும்" என்றார் நெல்சன். பூபதி சிரித்தான். எப்படிச் சிரிக்கிறான், எங்கிருந்து எடுக்கிறான் அந்தச் சிரிப்பை. ஓடுகிறான் இவன், எல்லையில் இருக்கிற அந்த வாசல் வழியாக அந்தப் பக்கம் ஓடிவிடப் பார்க்கிறான், என்னையும் இழுத்துக்கொண்டு.

"அப்பிடியே பசங்க இருந்தாலும் கூட்டிட்டுப் போலாமுங்க, அஞ்சு வயசு வரைக்கும் அந்த நாட்டுக் கட்டணமெல்லாம் கிடையாது. சின்னக் குழந்தைன்னா கணக்குலயே வராது" என்றார் நெல்சன், யாரையும் குத்தவேண்டும் என்றில்லாமல், பேச்சுவாக்கில். அங்கேயுமா என்றிருந்தது அவளுக்கு. பூபதியின் கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது, அது நின்றது, மறுபடி ஆடியது. நெல்சன் கம்ப்யூட்டரைத் திருப்பிப் படங்கள் காட்டினார். ஆறு, பாலம், வெள்ளைச் சுவர், காவி உடுத்த பிள்ளைகள். ஒரு மேட்டில் உயர உயரமாகக் கம்பம் நட்டு வெள்ளைத் துணிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன, ஒன்றிரண்டு இல்லை, ஒரு தோப்பு. "இது எதுக்குங்க?" என்றான் பூபதி. "யாராச்சும் தவறிட்டாங்கன்னா அவங்க பேருல நடுறதுங்க. துணி நைஞ்சு தானாக் கிழிஞ்சு போற வரைக்கும் அப்பிடியே விட்டுருவாங்க." கோகிலவாணி முதல் தடவையாகப் படத்தை நன்றாகப் பார்த்தாள். துணி நைந்து போகிற வரைக்கும். அது எவ்வளவு காலமோ, மழை எப்படியோ அதைப் பொறுத்தது. அதில் குட்டையாக ஒரு கம்பம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை, எல்லாம் ஒரே உயரம்தான், அல்லது குட்டையாக இருப்பது படத்தில் விழவில்லை. அங்கே போய் நின்றால் என்ன ஆகும்? யாரோ முன்பின் தெரியாதவர்களுடைய துணிக்கு நடுவில் நின்று ஓவென்று அழுதுவிட்டால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: அழாமல் இருந்துவிட்டால், நன்றாக இருக்கிறதே ஊர் என்று ஒரு காலையில் தோன்றிவிட்டால், குளிரில் மூக்கு சிவந்து இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அது குடும்ப வாட்ஸப்பில் போய், இப்பத்தான் மொகத்துல களை வந்திருக்குது என்று எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டால், அப்புறம் அந்த விரல் பிடித்தவளுக்கு யார் இருக்கிறார்கள்? இப்போதைக்கு அவள் இருக்கிற ஒரே இடம் இந்த வயிற்றெரிச்சல்தான். இதையும் காலி பண்ணிவிட்டால் அவள் எங்கே போவாள்?

அத்தைக்கும் போயிருக்கிறது. அது தெரிந்ததே போன வாரம்தான். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது, "பூபதிக்கு முன்னால எனக்கும் ரெண்டு போச்சு கண்ணு, நான் மறக்காமலா இருக்கறேன்? நாலு மாசத்துல பழனிக்கு நடந்தே போனேன், யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றாள். சொல்லிவிட்டுக் கீரையை உருவினாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே, "ரெண்டாவது மட்டும் நல்ல செவப்பு. காதெல்லாம் எங்கப்பனாட்டவே இருக்கும்" என்றாள். அப்புறம் முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். நாற்பது வருஷமாக ஒரு காதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவளிடம் என்ன சண்டை போடுவது? நாளைக்குக் கோகிலவாணியும் அப்படித்தான், வயசாகி, யாரோ ஒரு மருமகளிடம், எனக்கும் ஒண்ணு போச்சு, விரலைப் பிடிச்சுது என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டுவாளோ? வேண்டாம். ஐயோ, வேண்டாம். யாராவது ஒருத்தர் வந்து, நீ போகக்கூடாது, உன் வீட்டில் சாவு நடந்திருக்கிறது, மலை உனக்கு இல்லை என்று கையைப் பிடித்து நிறுத்தினால் போதும். ஊரிலிருக்கிற பெண்களெல்லாம் தடை நீங்கவேண்டும் என்று விளக்குப் போடுகிறார்கள், இவளுக்குத் தடை வேண்டியிருந்தது. தானாகவே சொல்லிக்கொள்ள முடியாதா என்றால், அதெப்படி முடியும்? எனக்குத் துக்கம் என்று ஒருத்தி தானே வாசலில் நின்று கூவ முடியுமா, அதை நாலு பேர் வந்து ஒத்துக்கொண்டால்தானே துக்கம். நாக்கு நுனி வரைக்கும் எத்தனை தடவை வந்தது. பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், ஜோசியர் சொல்லிவிட்டார், தலைக்கும் ஊற்றிக்கொண்டாகிவிட்டது, இனி அவள் வாயைத் திறந்தால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள், இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போவார்கள்.

"கடைசி நாளுதாங்க விசேஷமே" என்று நெல்சன் பேனாவால் சுவரைக் காட்டினார். தப்பிக்க வழியில்லாமல் அவளும் பார்த்தாள். "புலிக்கூடு. குருநாதர் ஒருத்தர் புலி மேல பறந்து வந்து அந்தக் குகையில தவம் பண்ணுனாராம். காலையில ஏறுனா மத்தியானத்துக்குள்ள மேல போயிறலாம். இதை ஏறாம வந்தா பூட்டான் போனதாவே அர்த்தமில்லீங்க. போட்டுறட்டுமுங்களா?" கோகிலவாணி டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். போடட்டும், எல்லாவற்றையும் போடட்டும். தண்ணி ஊற்றிவிட்டால் தீர்ந்தது. பூபதி தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டான்.

"அது மட்டும் வேண்டாமுங்க" என்றான்.

"ஏனுங்க, அம்மிணிக்கு நடக்க முடியாதுங்களா? பாதி தூரம் குதிரை இருக்குதுங்க, பயமே இல்லை."

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நாங்க இந்த வருஷம் மலைக்கோயில் ஏறக்கூடாது." பூபதி மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். "வீட்ல துக்கம். மாசி வந்தாத்தான் வருஷம் திரும்பும்."

கோகிலவாணிக்கு முதலில் அர்த்தமாகவில்லை. யார் வீட்டில், யாருக்கு, பங்காளி வீட்டில் யாராவது போய்ச் சேர்ந்து தனக்குத்தான் சொல்லாமல் விட்டார்களா என்று ஒரு கணம் நினைத்தாள், நினைக்கும்போதே காது இரண்டும் சூடேறி, வாசலை, ஜன்னலை, அவன் முகத்தைப் பார்த்தாள். ஜோசியர் சொன்னது அவனும் கேட்டுக்கொண்டுதானே இருந்தான், அதே கூடத்தில், அதே ஸ்பீக்கரில். பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு போன மடி அவன் மடி, அதன் மேல் இப்போது இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்தான்.

"அடடா, தெரியாமக் கேட்டுட்டனுங்க." நெல்சன் பேனாவைக் கீழே வைத்தார். "யாருங்க, அப்பாங்களா?"

"இல்லீங்க. என்ற பொண்ணு."

கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. கீழே ஒரு பஸ் நெடுநேரம் ஹாரன் அடித்து ஓய்ந்தது. பிறந்ததிலிருந்து அவளைக் குழந்தை என்றார்கள், பேபி என்றார்கள், அது என்றார்கள், போச்சு என்றார்கள். பொண்ணு என்று இதுவரைக்கும் ஒரு வாயும் சொன்னதில்லை. நெல்சன் பேசாமல் இருக்கத் தெரியாத மனுஷன், குரலைத் தாழ்த்தி, "பெரிய பொண்ணுங்களா?" என்று கேட்டார். பூபதி பதில் சொல்ல வாயைத் திறந்தான். உதடு கோணிக்கொண்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டான். கோகிலவாணி டம்ளரை மேஜை மேல் வைத்தாள்.

"எங்க மூத்தவ" என்றாள்.